கோயிலுக்கு எத்தனை எழுத்து? – ஒரு முதல் செயலி கடைக்கு வந்த கதை

அம்மா 'கோயில்' என்று எழுதினார். மூன்று கட்டங்களுக்கு மூன்று எழுத்து. செயலி ஏற்கவில்லை. 'எழுத்துகள் அதிகம்: 6' என்று சிவப்பில் ஒரு வரி வந்து நின்றது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் எழுதினார். மறுபடியும் ஆறு.

"ஏண்டா, கோ, யி, ல். மூணுதானே? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகூடச் சொல்லுமே. இது ஏன் ஆறுங்குது?"

நான்கு மாத இரவுகளைக் கொடுத்து நான் எழுதிய முதல் செயலி அது. அம்மாதான் அதன் முதல் வாசகர். அவர் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

நான் படித்தது தமிழ் இலக்கியம். பார்க்கும் வேலை, பத்திரிகையில் பிழை திருத்துவது. புரோகிராமிங் வகுப்பு எதிலும் உட்கார்ந்ததில்லை. அம்மாவுக்கு 74 வயது. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல், வார இதழ் வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் பிரிப்பது குறுக்கெழுத்துப் பக்கத்தைத்தான். பேனாவால் நிரப்ப மாட்டார், பென்சில்தான். அடித்துத் திருத்தினால் பக்கம் கெட்டுவிடும் என்பார். கண்புரை வந்து அறுவைச் சிகிச்சையும் ஆன பிறகு, "கட்டத்தை ரொம்பச் சின்னதாப் போடுறாங்கடா" என்று சொல்ல ஆரம்பித்தார். ஆறு மாதத்தில் பென்சிலைத் தொடுவதையே விட்டுவிட்டார்.

போனில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாமே என்று சொல் விளையாட்டுகளாகத் தேடி இறக்கிக் கொடுத்தேன். பாதி விளையாட்டுகள் மேலே ஒரு கடிகாரத்தை ஓடவிட்டன. மீதியில் இரண்டு சொல்லுக்கு ஒரு விளம்பரம் வந்து பாய்ந்தது. விளம்பரத்தை மூடும் சின்னப் பெருக்கல் குறியை அம்மாவின் விரலால் தொட முடியவில்லை. இரண்டே நாளில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். சரி, நாமே செய்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

எனக்கு முன்பே ஒருவருக்கு இப்படித் தோன்றியிருக்கிறது. அவர் முதல் செயலியை வெளியிட்டபோது அவருக்கு வயது 81.

பன்னிரண்டு பொம்மைகள்

மசாகோ வகாமியா ஜப்பான்காரர். 1935 ஏப்ரலில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மிட்சுபிஷி வங்கியில் சேர்ந்தார், ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நோட்டைக் கையால்தான் எண்ண வேண்டும், கணக்குக்குச் சோரோபான் என்ற மணிச்சட்டம். ஓய்வு நெருங்கிய நேரத்தில் சொந்தக் காசில் ஒரு கணினி வாங்கினார். வயதான தாயை வீட்டோடு இருந்து கவனிக்க வேண்டியிருந்தது. வெளியே போய் நாலு பேரைப் பார்க்க முடியாத நிலையில், கணினி வழியாகவாவது பேசலாம் என்று நினைத்தார். அந்தக் கணினியை இணைத்து, பேசும் நிலைக்குக் கொண்டுவரவே மூன்று மாதம் ஆயிற்று.

நான் அவரைப் பற்றிப் படித்ததில் என்னைப் பிடித்து நிறுத்திய செய்தி அந்த மூன்று மாதம்தான். நம்மில் பலர் மூன்றாம் நாளே, 'இதெல்லாம் நமக்கு வராது' என்று மூடிவைத்துவிடுவோம்.

பிறகு மெல்லோ கிளப் என்ற முதியோர் இணைய மன்றத்தில் சேர்ந்து தன் வயதினருக்குக் கணினி சொல்லிக்கொடுத்தார். கணக்குப் போடும் எக்செல் கட்டங்களுக்கு வண்ணம் நிரப்பி, நம் வீட்டுக் கோல நோட்டில் இருப்பதுபோல அடுக்கடுக்கான வடிவங்களை உண்டாக்கினார். அதற்கு 'எக்செல் ஆர்ட்' என்று பெயரும் வைத்தார். ஸ்மார்ட்போன் வந்ததும் அவர் கண்ட குறை, அம்மாவுக்காகத் தேடியபோது நான் கண்ட அதே குறை. விளையாட்டுகள் எல்லாம் விரல் வேகத்தை நம்பியவை, வேகத்தில் இளைஞர்களோடு முதியவர்கள் ஜெயிக்க முடியாது. முதியவர்களுக்கென்று ஒன்று செய்யுங்கள் என்று மென்பொருள் எழுதுபவர்களைக் கேட்டுப் பார்த்தார். யாரும் செய்வதாக இல்லை. ஸ்விஃப்ட் என்ற நிரல்மொழியைத் தானே கற்க உட்கார்ந்தார். வேறு ஊரில் இருந்த ஓர் இளைஞர் இணைய அழைப்பு வழியாகச் சந்தேகங்களைத் தீர்த்துவைத்தார்.

ஜப்பானில் மார்ச் 3 அன்று ஹினமாட்சுரி. பெண் குழந்தைகள் நலமாக வளர வேண்டி, சிவப்புத் துணி விரித்த படிகளில் அரசவைப் பொம்மைகளை அடுக்குவார்கள். நவராத்திரிக் கொலுவைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதை விளக்கவே தேவையில்லை. எந்தப் பொம்மை எந்தப் படி என்பதற்கு முறை உண்டு. உச்சியில் அரசரும் அரசியும், அடுத்து மூன்று பணிப்பெண்கள், அடுத்து ஐந்து இசைக்கலைஞர்கள், அதற்கும் கீழே இரண்டு அமைச்சர்கள். 2, 3, 5, 2. மொத்தம் பன்னிரண்டு. இவற்றைச் சரியான இடத்தில் வைப்பதுதான் வகாமியாவின் 'ஹினாடன்' விளையாட்டு. ஒரு இளைஞனுக்கு இந்த வரிசை தெரியாமல் போகலாம். அறுபது எழுபது முறை பொம்மை அடுக்கிய பாட்டிக்கு மனப்பாடம். பாட்டி ஜெயிக்கும் ஆட்டம் அது. வயதான விரல்களுக்குத் திரையில் இழுத்து நகர்த்துவது சிரமம் என்பதால், தொட்டாலே போதும் என்று வைத்தார்.

2017-ல், அந்த ஆண்டின் பொம்மைத் திருவிழாவுக்கு முன்பாக ஹினாடன் ஐபோன் கடைக்கு வந்தது. அந்த ஜூன் மாதம் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் நடந்த ஆப்பிள் செயலியாளர் மாநாட்டுக்கு அவரை அழைத்தார்கள். அதற்குள் 82 வயது ஆகியிருந்த அவர்தான் அங்கே மூத்தவர். இளையவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த 10 வயதுச் சிறுவன், அவனும் தானாகக் கற்றவன்தான். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஐ.நா. தலைமையகத்தில், முதியோருக்கு டிஜிட்டல் அறிவு ஏன் வேண்டும் என்று வகாமியா பேசினார்.

செய்திகள் எல்லாம் அவர் வயதைக் கொண்டாடின. எனக்கு அவருடைய அளவறிவுதான் பெரிதாகத் தெரிகிறது. பன்னிரண்டு பொம்மை, நான்கு படி, அவ்வளவுதான். முதல் செயலி எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். அடுத்த வாட்ஸ்அப்பை எழுத உட்கார்ந்து, லாகின் பக்கத்தோடு நின்றுவிடுவார்கள். தனக்குத் தெரிந்த மனிதர்களின் ஒரு தேவையை மட்டும் எடுத்துக்கொண்டவர்தான் கரை சேர்கிறார்.

மூன்று ஏன் ஆறானது?

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

நான் செயலியை எழுதிய கோட்லின் என்ற நிரல்மொழியில் ஒரு சொல்லின் நீளத்தைக் கேட்டால், அது எழுத்துகளை எண்ணுவதில்லை, எழுத்துகளைக் கணினியில் பதிக்கும் யூனிகோடு முறையின் குறிகளை எண்ணுகிறது. 'கோ' என்று நாம் ஒன்றாகப் பார்ப்பது கணினிக்குக் 'க' ஒன்று, ஓகாரக் குறி ஒன்று. 'யி' என்பது 'ய'வும் இகரக் கொக்கியும். 'ல்' என்பது 'ல'வும் மேலே ஒரு புள்ளியும். மூன்று இரண்டுகள் சேர்ந்து ஆறு.

இதில் தமிழ் படித்த எனக்கு வியப்பூட்டிய ஒன்று உண்டு. நம் இலக்கணத்தில் 'க்' முதலில் வரும். அதோடு அகரம் சேர்ந்தால்தான் 'க'. மெய் உடம்பு, உயிர் வந்து அதில் ஏறுகிறது. யூனிகோடில் இது தலைகீழ். அங்கே 'க'தான் அடிப்படை, அதன் தலையில் புள்ளி வைத்தால் 'க்'. அகரம் கூடிய 'க'வுக்கு ஒரு குறி, அகரம் இல்லாத 'க்'குக்கு இரண்டு குறி. 1991-ல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தபோது, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுக்கப்பட்டிருந்த இஸ்கி தரத்தை ஒட்டித் தமிழுக்கும் இடம் ஒதுக்கினார்கள். அதன் விளைவு இது. 247 எழுத்துகளில் உயிரும் ஆய்தமும் அகரமேறிய மெய்யும் மட்டும் தனி இடம் பெற்றன. மற்றவை எல்லாம் குறிகளைக் கூட்டி உண்டாக்கப்படுபவை. எல்லா எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்-16 என்ற முறையைத் தமிழக அரசு 2010-ல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. ஆனால் நம் கையில் இருக்கும் போன்கள் பேசுவது யூனிகோடு மட்டுமே.

நான்கு மாதம் கற்ற எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. காரணம் உண்டு, பாடங்கள் எல்லாம் 'ஹலோ' என்ற ஆங்கிலச் சொல்லை வைத்துத்தான் நீளம் எண்ணக் கற்றுத்தந்தன. அதற்கு ஐந்து எழுத்து, ஐந்து குறி. கணக்கு இடிக்கவே இல்லை. ஏ.ஐ.யிடம் கேட்டபோதும் அதே நீளம் எண்ணும் வரியைத்தான் தந்தது. 'கோயில்' மூன்றெழுத்து என்று அடித்துச் சொல்ல அம்மாதான் வேண்டியிருந்தது.

விடை தேட இரண்டு இரவு ஆனது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை ஒன்றாகவே எண்ணித்தரும் 'பிரேக் இட்டரேட்டர்' என்ற கருவி ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. வகாமியா கற்ற ஸ்விஃப்ட் மொழி, யாரும் சொல்லாமலே கோயிலை மூன்று என்றுதான் எண்ணும். பைத்தான் எழுதுபவர்களுக்கு முத்து அண்ணாமலை தொடங்கிய 'ஓப்பன்-தமிழ்' என்ற கட்டற்ற நிரல் தொகுப்பு இருக்கிறது, சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தந்துவிடும். 'க்ஷ' மட்டும் இன்னும் தகராறு செய்யும். ஒன்றா இரண்டா என்று நாமே முடிவெடுக்க வேண்டும். நான் என் புதிரில் 'க்ஷ' வரும் சொற்களையே எடுத்துவிட்டேன்.

திருத்திக் கொடுத்ததும் அம்மா 'கோயில்' எழுதினார். பச்சை விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.

எங்கே கற்பது?

இதை நீட்டத் தேவையில்லை. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ இலவசம். அதற்குச் சுமாரான கணினி போதாது, எட்டு ஜி.பி. நினைவகம் இருந்தும் என் பழைய லேப்டாப் திணறியது. கணினி பலவீனமாக இருந்தால், பிரவுசரிலேயே வண்ணக் கட்டைகளைப் பொருத்திச் செயலி செய்யும் எம்.ஐ.டி. ஆப் இன்வென்டரில் தொடங்கலாம். கூகுளில் பிறந்து 2012 முதல் எம்.ஐ.டி. நடத்திவருவது அது. பள்ளிப் பிள்ளைகள் தாராளமாகத் தொடங்கலாம். தமிழில் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்பவர்களுக்குக் 'கணியம்' இருக்கிறது. 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவரும் இதழ் அது. அவர்களின் 'எளிய தமிழில்' வரிசை நூல்கள் இலவச மின்னூல்களாகவே கிடைக்கின்றன.

ஏ.ஐ. எழுதித் தருகிறதே, கற்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். கேட்டு வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் அது தந்த ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று அதனிடமே கேட்டு, ஒரு நோட்டில் உங்கள் வார்த்தையில் எழுதிவையுங்கள். செயலி வெளிவந்த மறுநாள் எங்கோ ஒருவர் போனில் அது படுத்துவிட்டால், அந்த நோட்டுதான் உதவும். எனக்கு உதவியது.

கடை திறப்பது

எழுதி முடித்தால் பாதி வேலைதான். ஆப்பிள் கடையில் இடம் பிடிக்க ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டும், எழுத மேக் கணினியும் வேண்டும். கூகுள் பிளேயில் ஒரே ஒரு தடவை 25 டாலர், நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். நம் ஊரில் தொடங்குபவர்கள் ஆண்ட்ராய்டுக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். என் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியிருந்தது, அதைத் திறக்கவைக்க ஒரு நாள் போனது. அடையாள அட்டை சரிபார்ப்பும் உண்டு.

அடுத்து பேக்கேஜ் நேம். செயலியின் பிறப்புச் சான்றிதழ்ப் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிட்ட பிறகு அதை மாற்றவே முடியாது. பாடங்களில் வரும் 'காம் டாட் எக்ஸாம்பிள்' என்பதை அப்படியே வைத்திருந்தால் கடை ஏற்காது. பெயரை யோசித்து வையுங்கள். கையொப்பச் சாவி என்ற ஒரு கோப்பும் உண்டு. செயலி உங்களுடையதுதான் என்பதற்கு அதுவே சாட்சி. முன்பெல்லாம் அந்தக் கோப்பு தொலைந்தால் செயலியே போனதுபோலத்தான், அதே பெயரில் புதுப் பதிப்பு ஏற்ற முடியாது. 2021 ஆகஸ்டு முதல் புதுச் செயலிகளின் மூலச் சாவியைக் கூகுளே வைத்துக்கொள்கிறது. நம்மிடம் இருப்பது ஏற்றும் சாவி மட்டும், தொலைந்தால் மாற்றிக்கொள்ளலாம். இருந்தாலும் நான் இரண்டு பென்டிரைவில் வைத்திருக்கிறேன், ஒன்று அம்மாவின் பீரோவில் இருக்கிறது.

கடையில் செயலியின் பெயருக்கு 30 எழுத்துதான் இடம். இங்கேயும் அம்மாவின் கேள்வி எதிரே வந்து நிற்கிறது. 'தமிழ்ச் சொல் விளையாட்டு' என்றால் நமக்குப் பதினோரு எழுத்து, இரண்டு இடைவெளி. குறிகளாக எண்ணினால் 23. ஆங்கிலத்தில் தாராளமாக இருக்கும் அந்த முப்பது, தமிழுக்குச் சட்டென்று தீர்ந்துவிடும். சுருக்க விளக்கத்துக்கு 80. குறுந்தலைப்பு எழுதிப் பழகிய பத்திரிகைக்காரனுக்கே அன்று மாலை முழுக்க ஆனது.

தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் இணைப்பையும் தர வேண்டும். என் செயலி யாருடைய பெயரையோ எண்ணையோ கேட்பதில்லை. அதையே நேர்மையாக நான்கு வரியில் எழுதி, இணையத்தில் ஓர் ஆவணமாக வைத்து இணைப்பைக் கொடுத்தேன். மறுப்பு வந்தது. ஒருநாள் முழுக்கக் காரணம் புரியவில்லை. அந்த ஆவணத்தை எனக்கு மட்டும் தெரியும்படி பூட்டி வைத்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. பிழை முழுக்க என்னுடையது. இணைப்பை அனுப்பும் முன் வேறொருவர் போனில் திறந்து பாருங்கள்.

பன்னிரண்டு பேர், பதினான்கு நாள்

இதெல்லாம் உட்கார்ந்த இடத்தில் முடிகிற வேலை. எழுந்து நாலு பேரைத் தேடிப் போகவைப்பது சோதனைக் கட்டம்.

2023 நவம்பர் 13-க்குப் பிறகு கூகுள் பிளேயில் தனிநபர் கணக்கு திறந்தவர்கள், செயலியை எடுத்தவுடன் பொதுக் கடையில் வைக்க முடியாது. முதலில் ஒரு மூடிய சோதனை நடத்த வேண்டும். தொடக்கத்தில் அதற்கு 20 பேர் வேண்டும் என்றார்கள், 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் தொடர்ந்து பதினான்கு நாள் சோதனையில் இருக்க வேண்டும். அதன் பிறகுதான் பொதுவெளிக்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம்.

மென்பொருள் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்குப் பன்னிரண்டு பேர் பக்கத்து மேசைகளிலேயே கிடைப்பார்கள். தனியாகக் கற்றவர் ஒவ்வொருவராகப் போய்க் கேட்க வேண்டும். நான் ஒரு தாளில் பெயர் எழுதினேன். தங்கை, தங்கை வீட்டுக்காரர், மச்சினன், அலுவலகத்தில் சக பிழைதிருத்துநர் இருவர், தெருமுனை ஜெராக்ஸ் கடை அண்ணன், மாடி வீட்டு அக்கா, அம்மாவோடு திருப்பாவை படிக்கும் மூன்று அம்மாக்கள், என் பள்ளி நண்பர்கள் இருவர். எண்ணினால் சரியாகப் பன்னிரண்டு. ஒருவர்கூட உபரி இல்லை. அது எவ்வளவு பெரிய தவறு என்பது ஒன்பதாம் நாள் தெரிந்தது. ஒருவர் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தபோது, 'சோதனையிலிருந்து விலகு' என்ற பொத்தான் வந்திருக்கிறது, அழுத்திவிட்டார். கணக்கு பதினொன்றானது. புதிதாக ஒருவரைச் சேர்த்து மறுபடி முதலிலிருந்து பதினான்கு நாள். இருபது பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இனித் தொடங்குபவர்களுக்குச் சொல்வேன்.

ஆனால் அந்த இருபத்து மூன்று நாள்களில் நான் கற்றது, அதற்கு முந்தைய நான்கு மாதத்தில் கற்றதைவிட அதிகம். ஜெராக்ஸ் கடை அண்ணன், "தம்பி, வெயில்ல நின்னு பார்த்தா இந்த மஞ்சள் எழுத்து தெரியவே மாட்டேங்குது" என்றார். நான் ராத்திரியில், விளக்கடியில் எழுதியவன், வெயிலை நினைக்கவே இல்லை. மாடி வீட்டு அக்காவின் போனில் விசைப்பலகை எழும்பியதும் கடைசி வரிசைக் கட்டங்கள் மறைந்துபோயின. சக பிழைதிருத்துநர், "கறுப்பு, கருப்பு ரெண்டையுமே ஏத்துக்கணும் சார், ரெண்டும் வழக்கில இருக்கு" என்று சண்டைக்கு நின்றார். அவர் சொன்னதுதான் சரி. அம்மாவின் தோழி ஒருவர், "சரியான விடை வந்தா அந்தக் கட்டம் கொஞ்சம் மெதுவா மாறட்டும்பா, பார்க்கச் சந்தோஷமா இருக்கும்" என்றார். ஒரே ஒரு எண்ணை மாற்றினேன், அரை வினாடி கூட்டினேன். இன்றுவரை அந்தச் செயலியில் எனக்குப் பிடித்த மாற்றம் அது.

இந்த விதியைக் கெடுபிடி என்று குறைசொல்பவர்கள் இருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு சோதனையாளர்களை ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லும் ஆட்களும் கிளம்பியிருக்கிறார்கள். அவர்களிடம் போகாதீர்கள். வாடகைக்கு வந்தவருக்கு மஞ்சள் எழுத்து வெயிலில் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?

விண்ணப்பித்துச் சில நாளில் அனுமதி வந்தது. செயலி இப்போது கடையில் இருக்கிறது. பெரிய எண்ணிக்கை ஒன்றுமில்லை, சில நூறு பேருக்குள் அடங்கும். ஆண்டுதோறும் புது ஆண்ட்ராய்டுக்கு ஏற்றபடி புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டுவிட்டால் புதுப் போன் வைத்திருப்பவர்களுக்குக் கடையில் தெரியாமல் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் ஒரு புதுப் புதிர் ஏற்றுகிறேன். காலை ஏழு மணிக்குள் ஏற்றாவிட்டால் அம்மாவிடமிருந்து போன் வரும்.

இதைப் படிக்கும் எல்லோரும் செயலி எழுதப்போவதில்லை. எழுதத் தேவையும் இல்லை. ஆனால் உங்கள் தெருவில், உங்கள் உறவில், யாரோ ஒரு பையனோ பெண்ணோ எதையோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து, "அண்ணே, உங்க ஜிமெயில் முகவரி தர்றீங்களா, ஒரு ஆப் டெஸ்ட் பண்ணணும்" என்று கேட்பார்கள். முகவரியைக் கொடுங்கள். இறக்கி, பதினான்கு நாளும் தினம் ஒருமுறை திறந்து பாருங்கள். எது பிடிக்கவில்லையோ அதை முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். பதினைந்தாம் நாள் வரும்வரை அந்த 'விலகு' பொத்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள்.